தரையைத் தேடிய இன்ஜினியர்: காலின் சாப்மன்

(முன்னாள் மாணவர், இயந்திரப் பொறியியல் துறை)



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஓர் இன்ஜினியரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு போன்ற பெரியவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்ம சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டவர் வெள்ளைக்காரர். லண்டனில் ஒரு சின்ன கார் ஷெட்டில் தொடங்கி உலகத்தின் மிக வேகமான கார்களைச் செய்தவர். பெயர் காலின் சாப்மன். லோட்டஸ் கார் கம்பெனியை நிறுவியவர். அவரை நான் தேடிப் படிக்கக் காரணம் நம்ம ஏற்காடு மலைப்பாதைதான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் கற்ற பாடம்

ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றால் இரவில் சேர்வராயன் மலை மேல் வண்டி விளக்குகள் ஊர்ந்து போவது தெரியும். எத்தனை பேர் அதைப் பார்த்துக்கொண்டே மறுநாள் பரீட்சைக்குப் படிக்காமல் உட்கார்ந்திருப்போம்! சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்துக்குப் பாதை ஏறுகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் பலகை உண்டு. அந்த 20 வளைவுகளையும் ஒரு நாள் சொந்தக் காரில், நல்ல தாழ்வான காரில், படுத்துக்கொண்டு ஏறுகிற மாதிரி ஏற வேண்டும் என்பது என் கல்லூரிக் காலக் கனவு.

வேலைக்குப் போய் இரண்டாம் வருடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் மாடல் கார் வாங்கினேன். வாங்கிய கையோடு அதைத் தாழ்த்த வேண்டும் என்ற ஆசை வந்தது. வீட்டு வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றி, கட்டிங் மெஷினால் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றை அறுத்து எடுத்தேன். கார் ஏறக்குறைய இரண்டு இன்ச் இறங்கியது. தெருவில் நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே! அப்பா மட்டும் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, காசு கொடுத்து வாங்கின வண்டியை அறுக்கிறானே என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு ஏற்காடு கிளம்பினேன். கோரிமேடு தாண்டி முதல் வேகத்தடையிலேயே அடிப்பாகம் உரசியது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையில் பாதி தூரம் ஏறியதும், ஒரு வளைவின் நடுவில் இருந்த பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கியது. டங் என்று ஓர் அடி. ஸ்டியரிங் என் கையை விட்டு ஒரு கணம் தானாகத் திரும்பியது. எதிரே டவுன் பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது. பஸ் டிரைவர் அண்ணன் சமயத்தில் பிரேக் போட்டதால்தான் இன்று உங்களுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால், டயரில் உரசிய தழும்பு. பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. கீழே இறங்குகிற வழியில் அது அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே தப்பு பண்ணினோம் என்று புரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. சாப்மன்.

கணக்கில் அரியர் வைத்த மாணவர்

1928 மே 19ஆம் தேதி லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தவர். வளர்ந்தது வடக்கு லண்டனில். அப்பா ஹார்ன்சி பகுதியில் ரெயில்வே ஹோட்டல் என்ற விடுதியை நடத்திவந்தார். காலின் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தார். கவனியுங்கள், படித்தது மெக்கானிக்கல் இல்லை. கட்டுமானம். பாலத்துக்கும் கூரைக்கும் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணக்குப் போடுகிற படிப்பு. கூடவே பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பாலம் கட்டுகிற மூளையும் விமானத்தைப் பார்க்கிற கண்ணும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை.

வகுப்புக்கு வெளியே அவர் செய்த வேலை பழைய கார் வியாபாரம். ஒரு நண்பரோடு சேர்ந்து வாரன் தெருவில் கார்களை வாங்கி விற்றார். போர் முடிந்த காலம், பெட்ரோல் ரேஷன். நமக்குச் சுதந்திரம் வந்த அதே 1947இல் இங்கிலாந்தில் சொந்தக் கார்களுக்கான அடிப்படைப் பெட்ரோல் ரேஷனை நிறுத்திவிட்டார்கள். கார் வாங்க ஆள் இல்லை. வியாபாரம் படுத்துவிட்டது. கைவசம் இருந்ததை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார். விற்காமல் மிஞ்சியது ஓர் ஓட்டை ஆஸ்டின் செவன்.

இந்தக் குழப்பத்தில் படிப்பும் தடுமாறியது. 1948இல் பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். பாக்கி நின்றது கணிதம். மறு வருடம் அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதித்தான் பட்டம் வாங்கினார். அரியர் வைத்திருக்கும் தம்பிமார்கள் இந்தப் பத்தியை மட்டும் கிழித்து வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்ட வேண்டாம். அவர் அந்தப் பேப்பரை கிளியர் பண்ணினார் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

ஷெட்டில் பிறந்த முதல் கார்

ஆஸ்டின் செவன் அந்த நாட்டு மாருதி 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1922 முதல் 1939 வரை வந்த, 747 சி.சி. இன்ஜின் கொண்ட சாதாரண ஜனங்களின் கார். முன்னால் குறுக்காக ஒரு கமான் பட்டை. பின்னால் இரண்டு பக்கமும் கால்பங்கு நீளக் கமான் பட்டைகள். நெட்டையான, ஒல்லியான, காற்றில் ஆடுகிற வண்டி.

காலினுக்கு அப்போது நிச்சயமாகப்போகிற பெண் ஹேசல் வில்லியம்ஸ். அவருடைய பெற்றோர் வீட்டுப் பின்புறம் ஒரு பூட்டிவைக்கும் ஷெட் இருந்தது. கையால் பிடிக்கிற சாமான்களை வைத்துக்கொண்டு அங்கேதான் வேலை. பழைய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பிளைவுட் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய பலகைகளால் புதுப் பாடி கட்டினார். விமானத்தில் செய்கிற மாதிரி, மேல்தோலே பாரத்தைத் தாங்கும்படி அமைத்தார். 1948இல் வெளிவந்த அந்தக் கார்தான் லோட்டஸ் மார்க் 1. ஹேசலும் ஓட்டினார், காலினும் ஓட்டினார். சேறும் மேடும் ஏறுகிற போட்டிகளில் கலந்துகொண்டார்கள்.

அடுத்தடுத்த கார்களில் அவர் கை வைத்தது சஸ்பென்ஷனில். முன் அச்சு ஒரே கம்பியாக இருந்தால் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறும்போது மறுபக்கச் சக்கரமும் சாயும். அந்த அச்சை நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் நடுவில் கீல் மாதிரி கோத்தால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். லெஸ்லி பாலமி என்பவர் முன்பே செய்துகாட்டிய முறை இது. சாப்மன் அதைக் கடன் வாங்கி, தன் காரின் எடைக்குத் தகுந்தபடி மாற்றினார். நானும் வெட்டினேன், அவரும் வெட்டினார். அவர் சக்கரம் தாராளமாக அசைவதற்காக வெட்டினார். நான் வெட்டியதில் சக்கரத்தின் அசைவே போய்விட்டது.

1951இல் மார்க் 3. இதில் அலன் என்ற சகோதரர்கள் இருவரின் வீட்டு ஷெட்டும் கருவிகளும் உதவின. ஆஸ்டின் இன்ஜினில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே காற்றுவழி. அதன் உள்ளே ஒரு தடுப்பு வைத்து, நான்கு சிலிண்டரும் தனித்தனியாக மூச்சுவிடும்படி செய்துவிட்டார். அந்த வருடம் 750 மோட்டார் கிளப் பந்தயங்களில் மற்றவர்களால் கிட்டே வர முடியவில்லை. பிறகு கிளப்பே விதியை மாற்றி அந்த உபாயத்தைத் தடை செய்தது. விதியின் இடுக்கில் புகுந்து ஜெயிப்பதும், பிறகு விதியே மாறுவதும் அவர் வாழ்நாள் முழுக்க நடந்தது.

25 பவுண்ட் மூலதனம்

படிப்பு முடிந்து கொஞ்ச நாள் விமானப்படை, பிறகு பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை. சாயங்காலம் ஆனால் ஷெட். 1952 ஜனவரியில் லோட்டஸ் இன்ஜினியரிங் தொடங்கியது. இடம், அப்பாவின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். மூலதனம், ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்ட். 1954இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

முதல் வியாபாரக் கார் மார்க் 6. மெல்லிய குழாய்களை முக்கோண முக்கோணமாக வெல்டு செய்த சட்டம். ரயில்வே பாலத்தில் பார்க்கிறோமே, அதே டிரஸ். வெறும் சட்டத்தின் எடை சுமார் 25 கிலோதான். ஓர் ஆள் தலைமேல் தூக்கிக்கொண்டு நடக்கலாம். சிவில் படித்தது வீண் போகவில்லை.

அதை முழுக் காராக விற்காமல் பாகங்களாக விற்றார். முழுக் காருக்கு அந்த நாட்டில் கொள்முதல் வரி உண்டு; சொந்தமாகப் பாகம் வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. அதனால் சம்பளக்கார வாலிபர்கள் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் வீட்டு ஷெட்டில் தாங்களே பூட்டினார்கள். 1957இல் வந்த லோட்டஸ் செவன் இந்த வழியின் உச்சம். 1973இல் அதன் உரிமையை கேட்டர்ஹாம் கம்பெனி வாங்கியது. அந்தக் காரின் வாரிசை இன்றும் செய்து விற்கிறார்கள். வீட்டு ஷெட்டில் பிறந்தவர், ஆயிரக்கணக்கான வீட்டு ஷெட்டுகளுக்கு வேலை கொடுத்தார்.

தாழ்த்துவது என்றால் என்ன?

இங்கே கொஞ்சம் கணக்கு. மற்றத் துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

900 கிலோ எடையுள்ள கார். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர். 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் சுமார் 25 கி.மீ. வேகத்தில் திரும்பினால், எடையில் பாதி அளவு விசை காரைப் பக்கவாட்டில் தள்ளும். அப்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிற பாரம் சுமார் 177 கிலோ. காரை 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அது 161 கிலோ ஆகும். 16 கிலோ, அதாவது 9 சதவீதம் மிச்சம். தாழ்த்துவதால் வருகிற லாபம் நிஜமானதுதான், சந்தேகமில்லை.

ஆனால் அந்த 5 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? சக்கரம் மேலே ஏறி இறங்க வைத்திருந்த இடத்திலிருந்து. ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் அது 20 சதவீதம் விறைப்பாகிறது. அப்படியும் பள்ளத்தில் சக்கரம் ஏறும்போது இடம் போதாமல் ரப்பர் கட்டையில் போய் இடிக்கிறது. இடித்த கணத்தில் ஸ்பிரிங்கே இல்லாத கட்டை வண்டி மாதிரி ஆகி, டயரின் பிடி போய்விடும். ஷாக் அப்சார்பர் தன் நீளத்துக்குத் தகாத இடத்தில் வேலை செய்து சீக்கிரம் சாகும். லோயர் ஆர்மும் டை ராடும் சாய்ந்துவிடுவதால், சக்கரம் ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே திசை திரும்பும். ஏற்காட்டில் என் கையை உதறியது அதுதான். இன்னொரு வேடிக்கை: லோயர் ஆர்ம் சாய்ந்தால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். அழகுக்குத் தாழ்த்திய கார் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும்.

சாப்மன் கார்களின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பார்க்கத் தரையோடு ஒட்டிய கார்கள். ஆனால் ஸ்பிரிங் மிருதுவானது, சக்கரத்துக்கு ஏறி இறங்கத் தாராளமான இடம், அதை அடக்க நல்ல ஷாக் அப்சார்பர். தாழ்வை அவர் ஸ்பிரிங்கை அறுத்துக் கொண்டுவரவில்லை. இன்ஜினை இறக்கினார், சீட்டை இறக்கினார், எடையைக் குறைத்தார். 1962இல் வந்த லோட்டஸ் 25இல் டிரைவரைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துவிட்டார். குழாய்ச் சட்டத்தை விட்டுவிட்டு, அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துத் தொட்டி மாதிரி ஓர் உடல் செய்தார். எடை குறைந்தது, விறைப்பு கூடியது. உடல் விறைப்பாக இருந்தால்தான் சஸ்பென்ஷன் மிருதுவாக இருக்க முடியும். உடல் முறுக்கிக்கொண்டால் எந்தச் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் காரில் ஜிம் கிளார்க் 1963இல் 10 பந்தயங்களில் 7இல் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். 1965இல் மறுபடியும் சாம்பியன். அதே வருடம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தையும் லோட்டஸில் வென்றார். பின்னால் இன்ஜின் வைத்த கார் அங்கே ஜெயித்தது அதுதான் முதல் முறை.

எடையா, உயிரா?

இதுவரை எழுதியது புகழ். இனி எழுதப்போவது அவர் வாழ்க்கையின் கடினமான பக்கம். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் மாணவர்களுக்கு நான் துரோகம் செய்கிறவன் ஆவேன்.

தேவையில்லாத எடை ஒரு கிராம்கூட இருக்கக்கூடாது என்பது சாப்மனின் மதம். ஆனால் எது தேவையில்லாதது, எது பாதுகாப்புக்காக வைத்த மிச்சம் என்ற கோடு எங்கே இருக்கிறது? நம்ம மெஷின் டிசைன் வகுப்பில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று ஒன்றைப் போட்டுத் தப்பித்துவிடுவோம். அவர் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் நின்று வேலை செய்தார். லோட்டஸ் கார்கள் வேகமானவை, ஆனால் உடையக்கூடியவை என்று பந்தய உலகில் பேச்சு இருந்தது.

1968 ஏப்ரல் 7ஆம் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் ஜிம் கிளார்க் இறந்தார். பின் டயரில் காற்று இறங்கியதுதான் காரணமாக இருக்கும் என்று கருதினார்கள். சாப்மனுக்கு அவர் வெறும் டிரைவர் இல்லை, கூடப் பிறந்தவர் மாதிரி. அந்த அடியிலிருந்து அவர் முழுதாக மீளவில்லை என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த வருடம் கிரஹாம் ஹில் லோட்டஸில் சாம்பியன் ஆனார்.

1969இல் பார்சிலோனாவில் நடந்த ஸ்பெயின் பந்தயத்தில் உயரமான கம்புகள் மேல் பொருத்திய இறக்கைகள் ஒடிந்து, லோட்டஸ் கார்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. காயப்பட்ட ஜோஹன் ரிண்ட், சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார் ஏற்கெனவே போதுமான வேகத்தில் இருக்கிறது. எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, பலவீனமான பாகங்களைப் பலப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

1970இல் லோட்டஸ் 72 வந்தது. ஆப்பு வடிவ உடல், சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள், ரேடியேட்டர் இரு பக்கமும். இன்னொரு புதுமை, முன் பிரேக் சக்கரத்தில் இல்லை, உடலுக்கு உள்ளே. இதற்கு நல்ல காரணம் உண்டு. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற எடை குறைந்தால் டயர் தரையை விடாது. ஆனால் உள்ளே இருக்கும் பிரேக்குக்கும் வெளியே இருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஷாஃப்ட் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது முழு முறுக்கும் அதன் மேல் விழும். 1970 செப்டம்பர் 5ஆம் தேதி இத்தாலியின் மோன்சாவில் பயிற்சியின்போது அந்த ஷாஃப்ட் முறிந்தது. கார் தடுப்பில் மோதியது. தடுப்பும் சரியாகப் பொருத்தப்படவில்லை. ரிண்ட் இறந்தார். அதுவரை அவர் சேர்த்திருந்த புள்ளிகளை யாராலும் முந்த முடியாமல், இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே மனிதர் என்று அவர் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது.

அந்த ஷாஃப்டைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேய்ந்துபோன என் பிரேக் ஹோஸ் கண் முன்னால் வந்தது. நான் அறியாமையால் செய்தேன். அவர் எல்லாம் அறிந்தவர். இருந்தும் ஒரே ஒரு பாகத்தில் கணக்குத் தவறியது.

தரையே இழுத்துப் பிடித்தால்?

72 பிறகு பலப்படுத்தப்பட்டது. 1972இல் எமர்சன் ஃபிட்டிபால்டிக்கு சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தது. அதற்கப்புறம் சில வருடம் சரிவு. அந்தச் சரிவில் சாப்மனும் அவர் குழுவும் யோசித்தது, காரின் அடிப்பாகத்தை. விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காரின் இரு பக்கமும் வைத்து, ஓரங்களில் தரையைத் தொடுகிற பாவாடை மாதிரித் தடுப்புகள் கட்டினால், அடியில் போகிற காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், தரையே காரை இழுத்துப் பிடிக்கும். பெர்னூலி தத்துவம் படித்திருக்கிறோமே, அதுதான். லோட்டஸ் 78, 79 இரண்டும் இப்படி வந்தன. 1978இல் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன் ஆனார். அந்தச் சந்தோஷமும் முழுதாக இல்லை. அதே மோன்சாவில், தொடக்கத்தில் நடந்த மோதலில் காயப்பட்ட ரோனி பீட்டர்சன் மறுநாள் இறந்தார்.

மற்றவர்களும் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார்கள். தரைக்கும் காருக்கும் இடைவெளி மாறக்கூடாது என்பதற்காக ஸ்பிரிங்கை விறைப்பாக்கிக்கொண்டே போனார்கள். டிரைவர்களின் முதுகெலும்பு நொந்தது. 1981இல் நகரும் தடுப்புகளைத் தடை செய்து, தரையிலிருந்து 6 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம் என்று விதி போட்டார்கள். சாப்மன் ஒரு காருக்குள் இன்னொரு கார் செய்தார். லோட்டஸ் 88. காற்றின் பாரத்தைத் தாங்க வெளி உடலுக்கு விறைப்பான ஸ்பிரிங். டிரைவர் உட்காரும் உள் உடலுக்கு மிருதுவான ஸ்பிரிங். ஷெட்டில் அச்சை வெட்டிய நாளிலிருந்து அவர் தேடியதும் இதுவே. கார் தாழ்வாக இருக்க வேண்டும், சக்கரமும் சுதந்திரமாக இருக்க வேண்டும். பந்தயத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் மனம் மிகவும் கசந்துபோனது.

கடைசி வருடங்களில் வேறொரு நிழலும் விழுந்தது. டி லோரியன் கார் கம்பெனிக்காக லோட்டஸ் வடிவமைப்பு வேலை செய்தது. அதற்கான பணத்தில் பெருந்தொகை காணாமல் போனது. சாப்மனின் நிதிப் பொறுப்பாளர் 1992இல் சிறைக்குப் போனார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவரும் கூண்டில் நின்றிருப்பார். விதியின் இடுக்கில் நுழைகிற பழக்கம் காரில் இருந்தவரைக்கும் திறமை என்று பெயர். கணக்குப் புத்தகத்தில் நுழைந்தபோது அதற்குப் பெயர் வேறு.

1982 டிசம்பர் 16ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 54. அதே நாளில்தான் ஆக்டிவ் சஸ்பென்ஷன் பொருத்திய லோட்டஸ் பந்தயக் காரை முதல் முறையாகத் தடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சென்சார் பார்க்கும், கம்ப்யூட்டர் யோசிக்கும், ஹைட்ராலிக் ஒவ்வொரு சக்கரத்தையும் ஏற்றி இறக்கும். 1987இல் அயர்ட்டன் சென்னா அந்த வகைக் காரில் மொனாக்கோவிலும் டெட்ராய்ட்டிலும் ஜெயித்தார். சாப்மன் காலத்தில் லோட்டஸ் வென்ற டிரைவர் சாம்பியன் பட்டங்கள் 6, தயாரிப்பாளர் பட்டங்கள் 7.

நம்ம ஊர் ஷெட்

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடக்கும், நமக்கு எங்கே என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் இதே பாதையில் நடந்தவர். சாப்மன் ஆஸ்டின் செவனை எடுத்த மாதிரி, இவர் நம்ம தெருவில் ஓடுகிற மாருதி 800 இன்ஜினை எடுத்து, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். வசதியில்லாத பையன்களும் பந்தயம் பழக அது வழி திறந்தது. அந்தக் கார்களில் தொடங்கிய கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் தாங்களே செய்த கார்களைக் கொண்டுவந்து ஓட்டுவது அங்கேதான். நம்ம கல்லூரித் தம்பிகள் அங்கே ஒரு காரோடு நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பட்டறையில் ராத்திரி விளக்கு எரிந்தால், சீனியர்கள் நாங்கள் டீ செலவையாவது ஏற்றுக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு வார்த்தை

வீட்டில் காரைத் தாழ்த்த ஆசைப்படும் தம்பிகளுக்கு: அறுக்காதீர்கள். அந்தக் காருக்கென்றே செய்த, ஷாக் அப்சார்பரோடு பொருந்துகிற ஸ்பிரிங் செட் கிடைக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் நட்டைத் தொடாதீர்கள். அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கிற நிலையில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம், பிரேக் ஹோஸ் மூன்றையும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதையும் மனதில் வையுங்கள்.

ஏற்காடு சம்பவத்துக்கு மறுநாளே என் காரைத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அறுத்த நான்கு ஸ்பிரிங்கையும் தராசில் எடைக்குப் போட்டுவிட்டு, கம்பெனி ஸ்பிரிங் புதிதாகப் போட்டோம். அறுத்தெடுத்த நான்கு சுற்றுகளில் ஒன்று இப்போதும் என் ஆபீஸ் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. ஒரு டிராயிங்கில் எடையைக் குறைக்கலாம் என்று கையெழுத்துப் போடும்போதெல்லாம், முதலில் அதை ஒரு முறை பார்த்துக்கொள்வேன். குறைக்கிற இடம் தேவையில்லாத இடமா, யாரோ ஒருவர் உயிருக்காக வைத்த இடமா?

மறு சந்திப்பு முடிந்து எல்லோரும் ஏற்காடு போகலாம் என்று பேச்சு இருக்கிறது. 20 வளைவும் நிதானமாக ஏறுவோம். இறங்கி வருகிற பஸ்ஸுக்கு வழிவிடுவோம். மேலே போய், ஏரிக்கரையில் உட்கார்ந்து, பழைய கதை பேசுவோம்.

வாழ்க நம் கல்லூரி!